பூட்டிய அரங்கில் கொலை: சிறுமுதல் திகில் படமும் தமிழ் மேடையும்

திகில் திரைப்படத்தின் கிளைகளுள், முகமூடி அணிந்த கொலைகாரன் ஒருவன் ஓரிடத்தில் அகப்பட்டுக்கொண்ட சிலரைக் கத்தி, கோடரி முதலிய கருவிகளால் ஒருவர்பின் ஒருவராகக் கொன்றுவரும் கதைகளைச் சொல்லும் கிளைக்கு ஸ்லாஷர், அதாவது வெட்டுக்கொலைப் படம், என்று பெயர். இக்கிளைக்குள்ளும் நாடக அரங்கையோ திரையரங்கையோ களமாகக் கொண்ட படங்கள் தனி வரிசையாக நிற்கின்றன; அவற்றுள் பெரும்பாலானவை மிகக் குறைந்த முதலில், பெயர்பெறாத நடிகர்களைக் கொண்டு, சில வாரங்களில் எடுத்து முடிக்கப்பட்டவை. மலிவான சரக்கு என்று விமர்சகர்கள் நெடுநாள் ஒதுக்கிவந்த இவ்வரிசை, கூர்ந்து பார்க்கும்போது, அச்சத்தைக் காட்டிப் பணம் பெறும் தொழிலைப் பற்றிய விசாரணையாகவே அமைந்திருக்கிறது. இவற்றில் கொலைகாரன் யார் என்னும் கேள்வியைவிட, அரங்கின் கதவைப் பூட்டியவர் யார், எதற்காகப் பூட்டினார் என்னும் கேள்வியே முக்கியமானது; அக்கேள்விக்கு ஒரு படம் எவ்வளவு நேர்மையாக விடை தருகிறதோ அவ்வளவே அதன் தரம். இவ்வளவுகோலைக் கொண்டு மேனாட்டுப் படங்களையும் தமிழ்ப் படங்களையும் சிங்கப்பூர்த் திகில் மரபையும் ஒருசேரப் பார்ப்பதும், தமிழ்த் திரை இவ்வகையின் வாசல்வரை வந்தும் உள்ளே நுழையாமைக்கான காரணங்களை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கம்.

மேடையில் இரத்தம் காட்டும் தொழில் மிகப் பழையது. பாரிஸ் நகரின் பிகால் பகுதியில், முன்பு சிற்றாலயமாக இருந்த கட்டடத்தில், 1897ஆம் ஆண்டு ஆஸ்கர் மெத்தேனியே தொடங்கிய கிராண்ட் கினோல் அரங்கு 293 இருக்கைகளே கொண்டது. அச்சிறு கூடத்தில் கண் பிடுங்குதல், கழுத்தறுத்தல் போன்றவை பார்வையாளரின் முகத்துக்கு மிக அருகில் நடித்துக் காட்டப்பட்டன. அடுத்துப் பொறுப்பேற்ற மாக்ஸ் மோரே, அன்றிரவு எத்தனை பேர் மயங்கி விழுந்தனர் என்பதைக் கொண்டே ஒரு நாடகத்தின் வெற்றியை மதிப்பிட்டார் என்பர். கஸ்தோன் லெரூ 1909-10ஆம் ஆண்டுகளில் தொடராக எழுதி, 1925இல் லான் சேனி நடிப்பில் ஹாலிவுட் படமாகிய 'ஃபேண்டம் ஆஃப் தி ஓபரா' கதை, முகமூடியையும் அரங்கின் நிலவறையையும் நடிகையின்மேல் கொண்ட வெறியையும் பிற்காலப் படங்களுக்கு வழங்கிச் சென்றது. கிராண்ட் கினோல் 1962இல் மூடப்பட்டது. அதற்கு இரண்டாண்டு முன்னரே ஹிட்ச்காக்கின் 'சைக்கோ', மைக்கேல் பவலின் 'பீப்பிங் டாம்' ஆகிய இரு படங்களும் வெளிவந்து, மேடையில் நின்றுபோகவிருந்த அத்தொழிலைத் திரைக்கு மாற்றிவிட்டிருந்தன.

வெட்டுக்கொலைப் படம் பெருந்தொழிலாக மாறியது ஜான் கார்பென்டரின் 'ஹாலோவீன்' படத்துக்குப் பின்னரே ஆகும். 1978இல் ஏறத்தாழ மூன்றேகால் லட்சம் டாலரில் எடுக்கப்பட்ட அப்படம் உலகெங்கும் ஏழு கோடி டாலர் அளவுக்கு ஈட்டியது; அதன் கொலைகாரன் அணிந்த முகமூடிகூடக் கடையில் விற்ற ஒரு தொலைக்காட்சிப் பாத்திரத்தின் முகமூடிக்கு வெள்ளைச் சாயம் அடித்துச் செய்யப்பட்டதே. இவ்வெற்றியைக் கண்டு முன்வந்த நூற்றுக்கணக்கான தயாரிப்பாளர்களுக்குத் தேவைப்பட்டவை ஒரே இடம், ஒரே இரவு, பத்துப் பன்னிரண்டு நடிகர், வெளியே போக முடியாத ஒரு காரணம் ஆகியவையே. கோடைமுகாம், கல்லூரி விடுதி, மருத்துவமனை என்று தேடியவர்களுள் சிலர் அரங்குக்கு வந்து சேர்ந்தனர்.

நாடக அரங்கு சிறுமுதல் இயக்குநருக்கு ஏராளமாகக் கொடுக்கிறது. அங்கே விளக்குகள் ஏற்கெனவே தொங்குகின்றன. பகலிலும் இருட்டாக இருப்பதால் படப்பிடிப்பை எந்நேரமும் நடத்தலாம். ஒப்பனை அறை, பக்கத்திரைகள், மேடைக்கு மேலே படுதாக்களைத் தூக்கும் கயிற்றுப் பரண், மேடைக்குக் கீழே பலகைகளால் மூடிய குழி என ஒளிந்துகொள்ளவும் விழவும் ஏற்ற இடங்கள் ஒரே கூரைக்கடியில் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. உடைகளும் போலிக் கத்திகளும் அங்கேயே கிடப்பதால், உண்மைக் கத்தி எது, போலி எது என்னும் ஐயத்தைச் செலவின்றி எழுப்பலாம். பாத்திரங்கள் நடிகர்களாகவே இருப்பதால், நடிப்பவரின் குறைகூடக் கதையின் குறையாகத் தோன்றாது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, இருட்டில் வரிசையாக அமர்ந்து ஒரே திசையை நோக்கும் மக்கள் என்னும் காட்சி, படம் பார்க்கும் கூட்டத்தின் காட்சியே. திரையில் ஓர் அரங்கு தெரிந்த கணமே பார்வையாளர் தம் முதுகுக்குப் பின்னுள்ள இருட்டை நினைக்கத் தொடங்கிவிடுகிறார். பணமுடை தேர்ந்தெடுத்த களம், எந்தப் பெருமுதல் படமும் விலைகொடுத்து வாங்க முடியாத ஒன்றை இவ்வாறு தந்துவிடுகிறது.

பிரிட்டனின் பீட் வாக்கர் 1972இல் எடுத்த 'தி ஃபிளெஷ் அண்ட் பிளட் ஷோ', கடற்கரைப் பாலத்தின்மேல் பாழடைந்து கிடக்கும் அரங்கில் ஒத்திகைக்கு வந்த நடிகர்கள் மறைந்துபோவதைச் சொல்லி இவ்வரிசைக்கு முன்னோடியாயிற்று. அடுத்த ஆண்டு வந்த 'தியேட்டர் ஆஃப் பிளட்' படத்தில் வின்சென்ட் பிரைஸ் நடித்த பழைய நடிகன், தன்னை இகழ்ந்த விமர்சகர்களை ஷேக்ஸ்பியர் நாடகங்களின் கொலை முறைகளிலேயே கொல்கிறான். கனடாவின் 'கர்ட்டன்ஸ்' (1983) நடிகை தேர்வைக் களமாக்கியது. இம்மூன்றும் அரங்கைப் பின்புலமாகப் பயன்படுத்தின. அரங்கின் தொழிலையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய படம் 1987இல் இத்தாலியிலிருந்து வந்தது.

மிக்கேலே சொவாவி இயக்கிய முதல் முழுநீளக் கதைப்படமாகிய 'டெலிரியா', ஆங்கில உலகில் 'ஸ்டேஜ்ஃப்ரைட்' என்னும் பெயரால் அறியப்படுவது. மலிவுப் படங்களைத் தொடர்ந்து தயாரித்துவந்த ஜோ டமாட்டோ அதற்குப் பணம் போட்டார். நடிகர் ஜார்ஜ் ஈஸ்ட்மன் புனைபெயரில் கதை எழுதினார். ஆந்தை முகமூடி அணிந்த கொலைகாரனைப் பற்றிய இசை நாடகம் ஒன்றை ஏழைக் குழு ஒன்று ஒத்திகை பார்க்கிறது. மனநல மருத்துவமனையிலிருந்து தப்பிய உண்மைக் கொலைகாரன் அக்குழுவின் உடைப்பொறுப்பாளரை அரங்கின் வாசலில் கொல்கிறான். காவலர் வந்து உடலை எடுத்துச் சென்றபின், நாடக இயக்குநராகிய பீட்டர் செய்வதுதான் கதையின் திருப்பம். செய்தித்தாள்கள் அக்கொலையைப் பேசும் என்று கணக்கிட்டு, நாடகத்தின் கொலைகாரனுக்கு உண்மைக் கொலைகாரனின் பெயரையே சூட்டி, நடிகர்கள் வீட்டுக்குப் போய்விடாதபடி கதவைப் பூட்டச் சொல்லி, சாவியையும் ஒளித்துவைக்கச் செய்கிறார். கொலைகாரன் உள்ளேயே இருக்கிறான்.

சாவி இருக்கும் இடம் தெரிந்த ஒரே நடிகையே முதலில் சாகிறாள். அவள் சாவது மேடையின் நடுவில், எல்லோர் கண்முன்னும். ஆந்தை முகமூடியோடு வந்தவனைத் தம் நடிகன் என்று எண்ணிய இயக்குநர், ஒத்திகையைச் சரியாகச் செய்யும்படி அவனைக் கீழிருந்து தூண்டுகிறார். தம் கட்டளையே நிறைவேறியது என்பது பிறகே அவருக்கு விளங்குகிறது. வெளியே மழையில் நிற்கும் காவல் வண்டிக்குள் இருவர் ஒன்றும் அறியாமல் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுள் ஒருவராகச் சொவாவியே நடித்திருக்கிறார். இறுதியில் கொலைகாரன் பிணங்களை மேடையில் காட்சியாக அடுக்கி, விசிறியால் இறகுகளைப் பறக்கவிட்டு, இசையைப் போட்டு, நடுவில் அமர்ந்துகொள்ள, உயிரோடு எஞ்சிய பெண் மேடைக்குக் கீழே தவழ்ந்து, பலகை இடுக்கில் கிடக்கும் சாவியை எடுக்க முயல்கிறாள். இருபதாம் நூற்றாண்டின் சிறுமுதல் திகில் படங்களில் இதைவிடச் சிறந்த பத்து நிமிடங்களைக் காட்டுவது அரிது. இங்கே எஞ்சும் பெண் என்னும் பாத்திரத்தை, அமெரிக்க ஆய்வாளர் கேரல் குளோவர் 1987இல் எழுதிய கட்டுரையில் 'இறுதிப் பெண்' என்று வகைப்படுத்தினார்: தோழர் எல்லோரும் மடிந்தபின் தனியே நின்று, அஞ்சி ஓடுபவளாகத் தொடங்கி எதிர்த்து நிற்பவளாக முடிபவள்; பார்வையாளர் ஆணாயினும் பெண்ணாயினும் கடைசியில் அவள் கண்களாலேயே பார்க்க நேர்கிறது என்பது குளோவரின் வாதம். பெண்களின் உடலை வெட்டிக் காட்டும் வக்கிரம் இவ்வகைப் படங்களில் உண்டு என்னும் குற்றச்சாட்டு உண்மையானது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆயினும் 'டெலிரியா'வில் அவ்வக்கிரத்துக்குப் பொறுப்பாளர் யார் என்று படமே சுட்டுகிறது. கதவைப் பூட்டியது பித்துப் பிடித்தவனன்று. டிக்கெட் விற்பனையை எண்ணிய இயக்குநர்.

அதே 1987இல் சொவாவியின் ஆசானாகிய தாரியோ ஆர்ஜெந்தோ, பார்மா நகரின் புகழ்பெற்ற தெயாத்ரோ ரெஜியோ அரங்கில், பெரும் பொருட்செலவில் 'ஓபரா' படத்தை எடுத்தார். பாடகியின் கண்ணுக்குக் கீழே ஊசிகளை ஒட்டி, இமைத்தால் குத்தும்படி வைத்து, கொலையைப் பார்க்கக் கட்டாயப்படுத்தும் காட்சி அதில் வருகிறது. கண்ணை மூட முடியாத பார்வையாளர் என்னும் அக்கருத்து வலிமையானதே. ஆனாலும் அப்படத்தின் செல்வச் செழிப்பு அச்சத்தை அழகாக மாற்றிவிடுகிறது, கூலிக்கு உழைக்கும் நடிகர்களின் நெருக்கடி அங்கே இல்லை.

நாடக அரங்கிலிருந்து திரையரங்குக்குக் களம் மாறும்போது கதவைப் பூட்டுபவர் படத் தயாரிப்பாளராகவோ விநியோகஸ்தராகவோ ஆகிவிடுகிறார். இவ்வுறவை வணிகமாக்கியவர் அமெரிக்கரான வில்லியம் காசில். 1958இல் 'மெகேபர்' படத்தைப் பார்த்து அச்சத்தால் உயிர்விடுவோருக்கு ஆயிரம் டாலர் காப்பீடு என்று விளம்பரம் செய்த அவர், அடுத்த ஆண்டு 'தி டிங்லர்' படத்துக்காகச் சில அரங்குகளின் இருக்கைகளுக்கடியில் அதிர்வுப் பொறிகளைப் பொருத்தினார்; கதைப்படி அச்சப்பூச்சி ஒன்று திரையரங்குக்குள் தப்பிவிட, திரை இருண்டு, உண்மைப் பார்வையாளரைக் கத்தச் சொல்லும் குரல் ஒலிக்கும். லம்பர்தோ பாவாவின் 'டெமோன்ஸ்' (1985) பெர்லினின் மெட்ரோபோல் அரங்குக்கு இலவச டிக்கெட்டில் வந்தவர்களை உள்ளேயே அடைக்கிறது. அதில் முகமூடியோடு டிக்கெட் கொடுப்பவராக நடித்தவர் சொவாவிதான். திரைப்பட மாணவர்கள் பழைய அரங்கில் இரவு முழுதும் திகில் படம் ஓட்டும் 'பாப்கார்ன்' (1991) காசிலின் தந்திரங்களுக்கே அஞ்சலியாக அமைந்தது.

இந்தத் தொடர்ச்சி இந்தியாவுக்கும் வந்தது. இயக்குநர் ராம் கோபால் வர்மா 2008இல் தம் 'பூங்க்' படத்தைத் திரையரங்கில் தனியே அமர்ந்து பார்த்து முடிப்பவருக்கு ஐந்து லட்சம் ரூபாய் தருவதாக அறிவித்தார். ஏழாண்டு கழித்து அஸ்வின் சரவணன் தம் முதல் படமாகிய 'மாயா'வில் அதே பந்தயத்தைக் கதையின் நடுவில் வைத்தார். கைக்குழந்தையோடு கடனில் தவிக்கும் துணைநடிகை அப்சரா, 'இருள்' என்னும் படத்தை நள்ளிரவில் தனியாகப் பார்த்தால் ஐந்து லட்சம் ரூபாய் என்னும் அறிவிப்பை ஏற்று, வெறுமையான திரையரங்குக்குள் நுழைகிறாள். நயன்தாரா நடித்த இக்காட்சிகளில் அச்சத்தைவிட வறுமை அழுத்தமாகத் தெரிகிறது; அவளை அந்த இருக்கையில் உட்கார வைத்தது பணமே என்பதைப் படம் மறைக்கவில்லை. இக்கட்டுரையின் அளவுகோல்படி, தமிழில் அரங்குத் திகிலின் மிக உயர்ந்த இடம் இதுவே. ஆயினும் அங்கே காத்திருப்பது பேய், கொலைகாரனன்று. 2025இல் சந்தானம் நடித்து வெளிவந்த 'டெவில்ஸ் டபுள் நெக்ஸ்ட் லெவல்', திரைவிமர்சகன் ஒருவனைத் திரையரங்குக்கு வரவழைத்துப் படத்துக்குள்ளேயே இழுத்துக்கொள்ளும் கதையைக் கொண்டிருந்தும், நகைச்சுவைப் பேய்ப்பட வழக்கத்துக்குள் அடங்கிவிட்டது.

களம் மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்காவின் 'தி கேலோஸ்' (2015) சான்று. கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு லட்சம் டாலரில் எடுக்கப்பட்டு நான்கு கோடி டாலருக்குமேல் ஈட்டிய அப்படம், பள்ளி நாடகத்தில் தூக்குமேடை விபத்தில் இறந்த மாணவனின் கதையை, பாத்திரங்களே எடுத்த ஒளிப்பதிவு பின்னர் கண்டெடுக்கப்பட்டதுபோல் காட்டும் முறையில் சொல்கிறது. மாணவர்கள் இரவில் பள்ளிக்குள் சிக்கிக்கொள்கிறார்கள், கதவு தானே பூட்டிக்கொள்கிறது. பூட்டியவர் யாருமில்லாததால் படத்துக்குள் சத்தம் மட்டுமே எஞ்சுகிறது. வருவாயில் அது 'டெலிரியா'வை எங்கோ விஞ்சியது, கலையில் அதன் அருகே வரவில்லை.

தமிழ் மேடையோ முகமூடியும் கொலையும் அறியாத மேடையன்று. தஞ்சை மாவட்டம் மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியையொட்டி வரதராசப் பெருமாள் கோயில் முன் நடக்கும் பாகவத மேளாவில், நரசிம்மர் முகமூடி ஆண்டு முழுதும் பூசையில் வைக்கப்படுவது. அதனை அணிபவர் நோன்பிருந்தே அணிகிறார். அணிந்தபின் ஆவேசம் ஏறும் அவரை இரணியனாக நடிப்பவர்மேல் பாய்ந்துவிடாமல் பிறர் பிடித்துக்கொள்கின்றனர். நடிகன் எங்கே முடிந்து பாத்திரம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத அந்த நிலை, 'டெலிரியா'வின் ஆந்தை முகமூடிக் காட்சி எழுப்பும் அச்சத்தின் ஊற்றேதான். தெருக்கூத்தில் முதன்மைப் பாத்திரம் மேடைக்கு வரும் முறையும் எண்ணத்தக்கது: இருவர் திரைத்துணியைப் பிடித்துக்கொள்ள, அதன் பின்னால் நின்றபடியே பாடித் தன்னை அறிவித்து, சலங்கையொலியையும் கிரீடத்தின் நுனியையும் மட்டும் காட்டிக் காட்டி, கூட்டத்தின் ஆவலை முற்றவைத்த பின்னரே அப்பாத்திரம் வெளிப்படும். மறைத்துக் காட்டும் இக்கலையைத் திகில் இயக்குநர்கள் ஒளிப்பதிவுக் கருவியால் செய்கிறார்கள். கூத்துக் கலைஞர்கள் ஒரு முழத் துணியால் செய்தார்கள். நாடகத் தலைமையாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) தம் இளமையில் போட்ட அச்சந்தரும் வேடத்தைக் கண்டு கருவுற்ற பெண்ணொருத்தி அதிர்ச்சியுற்றதாகவும், அதன்பின் அவர் நடிப்பைக் கைவிட்டு நாடகம் எழுதுவதிலும் பயிற்றுவிப்பதிலும் ஈடுபட்டதாகவும் நாடக வரலாறு கூறும் செய்தி பரவலாக அறியப்பட்டது. அச்சுறுத்தியவனுக்கும் பொறுப்பு உண்டு என்று ஒரு கலைஞர் தம் வாழ்வையே திருப்பிக்கொண்ட கதை அது.

இத்தகைய மேடையின் வழித்தோன்றலாகிய தமிழ்த் திரை கொலைக் கதைகளில் குறைவைக்கவில்லை. ஏவி.எம். நிறுவனத்துக்காக ஏ. சி. திருலோகசந்தர் இயக்கிய 'அதே கண்கள்' (1967), ஒரே வீட்டுக்குள் முகம் மறைத்தவன் செய்யும் கொலைகளைச் சொன்னது. பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' (1978), பாலு மகேந்திராவின் 'மூடுபனி' (1980) ஆகியவை கொலைகாரனின் மனத்துக்குள் நுழைந்தன. மணிவண்ணன் 1984இல் குறைந்த செலவில் எடுத்துப் பெருவெற்றி கண்ட 'நூறாவது நாள்', இத்தாலிய இயக்குநர் லூச்சியோ ஃபுல்ச்சி 1977இல் எடுத்த படத்தின் கதையைத் தழுவியது. சொவாவி வளர்ந்த அதே இத்தாலியக் கொலைப்பட மரபு, அவர் முதல் கதைப்படம் எடுப்பதற்கு மூன்றாண்டு முன்பே தமிழ்நாட்டின் திரையரங்குகளை நிறைத்திருந்தது என்பது இவ்வரலாற்றில் போதிய அளவு பேசப்படாத செய்தி. 2003இல் ஜேடி-ஜெர்ரி இயக்கிய 'விசில்' கல்லூரி வளாகத்தில் வெட்டுக்கொலைப் படத்தின் இலக்கணத்தை நேராகவே பின்பற்றியது. அஸ்வின் சரவணனின் 'கேம் ஓவர்' (2019) முகமூடிக் கொலையாளர்களை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. இவ்வளவு இருந்தும், பூட்டிய அரங்கு, முகமூடிக் கொலைகாரன், சிறுமுதல் ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து பேசப்படும் தமிழ்ப்படம் ஒன்று அமையவில்லை.

காரணம் இரசனையில் மட்டும் இல்லை, கணக்கிலும் இருக்கிறது. இந்தியத் தணிக்கை வாரியத்தின் 'ஏ' சான்றிதழ் பெற்ற படத்தை அப்படியே தொலைக்காட்சியில் ஒளிபரப்ப முடியாது. சிறுமுதல் தயாரிப்பாளருக்குத் தொலைக்காட்சி உரிமையே முதலைத் திருப்பும் வழியாக இருந்த ஆண்டுகளில், இரத்தம் மிகுந்த படம் எடுப்பது அவ்வழியைத் தாமே அடைத்துக்கொள்வதாயிற்று. தமிழ்ப் பெயருள்ள படங்களுக்குத் தமிழ்நாடு அரசு 2006 முதல் வழங்கிவந்த கேளிக்கை வரிவிலக்கு, 2011இல் 'யு' சான்றிதழ் பெற்ற படங்களுக்கே என்று சுருக்கப்பட்டபோது, வெட்டுக்கொலைப் படத்தின் இழப்பு இருமடங்காயிற்று; 2017இல் சரக்கு சேவை வரி வந்தபின்னரே அந்நிலை மாறியது. பேயோ இத்தடைகளை எளிதில் தாண்டும். பேய்க்கு இரத்தம் கட்டாயமில்லை, குழந்தைகளும் பார்க்கலாம், பாட்டும் நகைச்சுவையும் சேர்க்கலாம். மேலும் தமிழ்ப் பேய்க்கு எப்போதும் ஒரு நியாயம் உண்டு: அநியாயமாகக் கொல்லப்பட்டவர் திரும்பிவந்து பழிதீர்த்து அமைதி அடைவார். அந்த நியாயம் மனத்துக்கு ஆறுதல் தருகிறது. ஆனால் கதவைப் பூட்டியவர் யார் என்னும் கேள்வியை அதுவே மழுங்கவும் செய்துவிடுகிறது, ஏனெனில் குற்றம் முழுதும் கடந்தகாலக் கொடியவன் ஒருவன்மேல் ஏறிவிட, இன்று அரங்கை நடத்துபவர் தப்பிவிடுகிறார்.

சிங்கப்பூரின் திகில் வரலாற்றுக்கு இந்தியர் செய்த பங்கு பெரிது. இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ், கேத்தே-கிரிஸ் நிறுவனத்துக்காக இயக்கி 1957இல் வெளிவந்த 'பொந்தியானாக்' என்னும் மலாய்ப்படம், பிரசவத்தில் இறந்த பெண்ணின் ஆவியைப் பற்றிய நாட்டுக்கதையை மரியா மெனாடோவின் நடிப்பில் திரைக்குக் கொண்டுவந்து, கேத்தே திரையரங்கில் வாரக்கணக்கில் ஓடி, தொடர்படங்கள் பலவற்றைத் தோற்றுவித்தது. சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த தமிழரான எல். கிருஷ்ணன் 1958இல் 'ஓராங் மின்யாக்' படத்தை இயக்கினார். உடல் முழுதும் கரிய எண்ணெய் பூசி இரவில் பெண்களைத் தாக்கும் உருவத்தைப் பற்றிய அந்நாட்டுக்கதை, பேய்க்கும் மனிதக் குற்றவாளிக்கும் இடையே நிற்பது. வெட்டுக்கொலைப் படத்தின் கொலைகாரனுக்கு இத்தீவில் ஒரு மூதாதை உண்டு என்றால் அது இவ்வெண்ணெய் மனிதனே. அதே ஆண்டு பி. ரம்லியும் ஜாலான் அம்பாஸிலிருந்த ஷா நிறுவனக் கூடத்தில் இதே கதைப்பொருளில் படம் எடுத்தார்.

அக்கூடங்கள் மூடப்பட்டு ஒரு தலைமுறை கழித்துத் திரும்பிய சிங்கப்பூர்த் திகில், இடங்களைத் தேடி அலைந்தது. கெல்வின் தோங்கின் 'தி மெய்ட்' (2005) தியோச்சியூ இசைநாடகக் குடும்பத்தின் வீட்டுக்குள் பிலிப்பினோ பணிப்பெண்ணை அனுப்பியது. 'ஹாண்டட் சாங்கி' (2010) கைவிடப்பட்ட பழைய சாங்கி மருத்துவமனைக்கும், '23:59' (2011) இராணுவ முகாமுக்கும் சென்றன. இவற்றுள் முதல் படமே மேடையின் பக்கம் திரும்பியது. அதற்குத் தக்க காரணமும் உண்டு. சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் குடியிருப்புப் பேட்டைகளில் எழுப்பப்படும் கெட்டாய் என்னும் பாட்டு மேடைகளின் முன்வரிசை நாற்காலிகள் ஆவிகளுக்காகக் காலியாக விடப்படுகின்றன. உயிருள்ளவரோடு இறந்தவரும் அமர்ந்து பார்க்கும் அரங்கு என்னும் எண்ணத்தை உலகில் வேறெந்த நகரமும் தெருவிலேயே இவ்வளவு இயல்பாக வைத்திருப்பதாகத் தெரியவில்லை. சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலின் தீமிதி விழாவையொட்டி அரவான் களப்பலி முதலிய பாரத நிகழ்ச்சிகள் சடங்காக நிகழ்த்தப்படுவதும், பலியும் பார்வையாளரும் ஒரே களத்தில் நிற்கும் தமிழ் மரபு இங்கு வேரோடு இருப்பதைக் காட்டும்.

சிங்கப்பூரில் எடுக்கப்பட்ட தமிழ்ப்படங்களுள் இக்கேள்விக்கு மிக அருகில் வருவது எரிக் கூ இயக்கிய 'மை மேஜிக்' (2008). கான் திரைப்பட விழாவின் தங்கப்பனைப் போட்டிப் பிரிவில் இடம்பெற்ற முதல் சிங்கப்பூர்ப் படமாகிய அதில், உண்மை வாழ்விலும் வித்தைக்காரரான போஸ்கோ பிரான்சிஸ், மகனுக்காக மீண்டும் மேடையேறும் குடிகாரத் தந்தையாக நடித்தார். கண்ணாடி தின்பது, தீ உண்பது என்று அவர் செய்யும் வித்தைகள் படிப்படியாக, ஒரு பணக்காரன் காசு கொடுத்துப் பார்க்க விரும்பும் சித்திரவதையாக மாறுகின்றன. திகில் படம் என்று யாரும் அதை வகைப்படுத்துவதில்லை. எனினும் பிறர் வலியை விலைக்கு வாங்கிப் பார்ப்பவர் யார் என்று அது கேட்ட கேள்வி 'டெலிரியா' கேட்டதே, அதுவும் தமிழில், சிறுமுதலில்.

படம் எடுத்தால் எங்கே காட்டுவது என்பது அடுத்த சிக்கல். சிங்கப்பூரில் 1991இல் வயதுவாரி வகைப்பாடு அறிமுகமானபோது, பெரியவர்க்கு மட்டுமான படங்களைக் காணும் வயது சில வாரங்களிலேயே 18இலிருந்து 21ஆக உயர்த்தப்பட்டதோடு, அத்தகைய படங்கள் நகர மையத்துக்கு வெளியேயுள்ள வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் (வீவக) குடியிருப்புப் பேட்டைகளின் திரையரங்குகளுக்கு வராதபடியும் தடுக்கப்பட்டது. 2004இல் எம்18, ஆர்21 என்னும் வகைகள் வந்தபின்பே இரத்தம் மிகுந்த பல படங்களுக்குப் பேட்டைகளில் வழி பிறந்தது. சுவா சூ காங்கைப் போன்ற பேட்டையில் இதன் பொருள் தெளிவாகத் தெரியும். அங்கே ரயில் நிலையத்தை ஒட்டிய லாட் ஒன் கடைத்தொகுதிக்குள், பொது நூலகத்துக்கும் உணவுக் கடைகளுக்கும் அயலில் இருக்கிறது திரையரங்கு; அதற்கு வருவோர் அடுக்குமாடிகளிலிருந்து நடந்துவரும் குடும்பங்கள். மெக்கென்சி சாலையில் 1946இல் திறக்கப்பட்டு, பின்னர் பனிச்சறுக்குக் கூடமாகவும் இருந்து, 2009இல் இந்தியப் படங்களுக்காக மீண்டும் திறக்கப்பட்ட ரெக்ஸ் போன்ற லிட்டில் இந்தியா அரங்குகளுக்குத் தனி முகமும் தனி வாசலும் இருந்தன. கடைத்தொகுதித் திரையரங்குக்கு அவை இல்லை. நள்ளிரவுக் காட்சி முடிந்து கடைகள் கதவிறக்கிய நடைவழியில் ஒரே திறந்த வாசலை நோக்கி நடக்கும் அந்தப் பேட்டைவாசியின் அச்சத்தை எந்தப் படமும் இதுவரை உரிய முறையில் எடுத்துக்கொள்ளவில்லை. சிங்கப்பூரில் இன்றும் புதைப்புக்கு இடம் தரும் ஒரே இடுகாடு சுவா சூ காங்கில் இருப்பதால், அவ்வூரைத் திகிலோடு சேர்த்துப் பேசுவோர் இடுகாட்டையே நாடுவர். அது எளிய வழி. இறந்தவர் உறங்கும் இடத்தைப் பேய்க்களமாக்குவதைவிட, உயிருள்ளவர் பணத்துக்காக ஒருவரையொருவர் அடைத்துவைக்கும் அரங்கைக் களமாக்குவதே கலைக்கும் நேர்மைக்கும் பொருந்தும்.

அதற்கு வேண்டியவை எல்லாம் இங்கே இருக்கின்றன. ரவீந்திரன் நாடகக் குழு, அவாண்ட் தியேட்டர், அகம் தியேட்டர் லேப் போன்ற தமிழ் நாடகக் குழுக்கள் நடிகர்களைப் பயிற்றுவித்து வைத்திருக்கின்றன. சுவர், கூரை, தரை எல்லாம் கருமை பூசிய சிறு ஒத்திகைக் கூடங்களும், சமூக மன்றங்களின் பல்நோக்கு மண்டபங்களும் இரவில் வெறுமையாகக் கிடக்கின்றன. கைக்கு அடக்கமான கருவியால் இருட்டிலும் படமெடுக்கும் வசதி வந்துவிட்டது. மேடைக் காலக்கெடு, மானியக் கணக்கு, டிக்கெட் விற்பனை, பகல்வேலை முடித்து ஒத்திகைக்கு ஓடிவரும் நடிகர்களின் களைப்பு ஆகியவற்றை உள்ளிருந்து அறிந்தவர்கள் இக்குழுக்களின் இளைஞர்களே. கதவைப் பூட்டுபவர் எத்தகையவர் என்பதும் அவர்களுக்கே தெரியும். ஆகவே தமிழின் முதல் நல்ல அரங்கு வெட்டுக்கொலைப் படத்தைக் கோடம்பாக்கத்திடமிருந்து எதிர்பார்ப்பதைவிட, சிங்கப்பூரின் தமிழ் நாடகக்காரர்களிடம் கேட்பதே பொருத்தம். இரவலாக ஒரு பேயை வாங்காமல், சுவா சூ காங் சமூக மன்ற மண்டபம் ஒன்றில், பத்து நடிகர்களோடும் ஒரு முகமூடியோடும் ஒரு சாவியோடும் அவர்கள் அதைத் தொடங்க வேண்டும்.